இடதுகீழ் மூலையில் ஒரு வில்

வில் இருக்கிறதா இல்லையா என்பது இன்னும் நாற்பது நிமிடத்தில் தெரிந்துவிடும், மடிக்கணினி அப்படித்தான் சொல்கிறது, ஆனால் போன தடவையும் நாற்பது என்று சொல்லிவிட்டு ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது, அதன் நாற்பதை நம்புவதற்கில்லை. மணி ஒன்பது பத்து. பதினொன்றுக்கு ரத்தினசாமி அண்ணாச்சியின் பிரஸ்ஸில் பிளேட் போடத் தொடங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் ஆடி மாதத்துச் சிவகாசிக்கு ஞாயிறு கிடையாது, பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம், கடைக்காரர்கள் பார்த்து ஆர்டர் கொடுக்கிற மாதிரிப் புத்தகம், வெளியே வந்தாக வேண்டும், அந்த ஆல்பத்தில் நாற்பத்திரண்டாம் பக்கம் நான் எடுத்த படம். நான் எடுத்த படம். இதை மனதுக்குள் சொல்லும்போதே கழுத்து சூடாகிறது, யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று கதவைப் பார்க்கிறேன், கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும். நேற்று அண்ணாச்சி தன் மேஜையில் அந்த வானத்துப் படத்தைத் திறந்து வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். அப்புறம் விரலை இடதுகீழ் மூலைக்குக் கொண்டுபோனார். "பூவு மாதிரி இருக்கு, அது சரி. இந்தா இது என்ன, வில்லு மாதிரி, சன்னமா? திருவாச்சி கணக்கா வளைஞ்சு நிக்குதேம்மா. இதுக்காகவே போடலாம்." இதுக்காகவே. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், அண்ணாச்சி அது என்னவென்று எனக்கும் தெரியாது என்று. சொல்லவில்லை. சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

அது என்னவென்று தெரியாது என்பதுகூட முழு உண்மை இல்லை, அது ஹைட்ரஜன் மேகத்தின் ஒரு இழையாக இருக்கலாம், அல்லது என் கேமராவுக்குள் உட்கார்ந்த ஒரு தூசியாக இருக்கலாம், இரண்டில் ஒன்று. படமே இரண்டு படங்கள் சேர்ந்ததுதான். ஒன்று வண்ணப் படம், போன தை மாதம் வத்திராயிருப்புப் பக்கம் மாமாவின் தோப்பில் வைத்து எடுத்தது, நட்சத்திரங்களின் நிறமெல்லாம் அதிலிருந்து வருகிறது, நீலம், வெள்ளை, ஒன்றிரண்டு ஆரஞ்சு. ஆனால் அந்த நெபுலா, வானத்து வாயு மேகம், ரோசெட் என்று பெயர், அப்பா பூ என்கிறார், அது வண்ணப் படத்தில் துணியில் சிந்திக் கழுவிய குங்குமம் மாதிரி வெளிறித்தான் இருக்கும். அதற்குத்தான் இரண்டாவது படம். ஹைட்ரஜன் விடுகிற அந்த ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விட்டு மற்ற வெளிச்சத்தை எல்லாம் வெளியே நிறுத்தி வைக்கிற ஃபில்டர், அதைப் போட்டால் தெருவிளக்குகூடப் பொருட்டில்லை, நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே எடுக்கலாம், எடுத்தேன். வருவது கறுப்பு வெள்ளைப் படம். அதைக் கொண்டுபோய் வண்ணப் படத்தின் சிவப்புக்குள் கலக்க வேண்டும், அளவாக, கூடினால் பூ செங்கல் ஆகிவிடும். இதை அப்பாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பா நான்கு வண்ண மிஷின் ஓட்டுகிறவர், பிளேட்டுக்கு ஏது நிறம், மை போட்டால்தானே நிறம் என்றார், அவ்வளவுதான், கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நான் முழித்த விஷயம். பிறகு சட்டைப் பையிலிருந்து அச்சுப் புள்ளி பார்க்கிற லென்ஸை எடுத்து என் திரைமேலேயே வைத்துக் குனிந்து பார்த்தார். "என்னாட்டி இது, சேப்பு பச்சை நீலம் மூணுதான் இருக்கு. மஞ்சளே இல்லையே, எவன் மிஷின்ல ஓட்டுனான்?" அம்மா அடுக்களையிலிருந்து, "புள்ள பொட்டியப் போட்டுக் கீறாதீக" என்று கத்தினாள். நேற்றுச் சாயங்காலம் முழுக்க வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்கு வில்மேல் சந்தேகம் வந்தது.

மடிக்கணினி இருபத்திரண்டு சதவீதம் என்கிறது. வில் ரொம்ப ஒழுங்காக இருந்தது, அதுதான் காரணம். மேகம் ஒழுங்காக இருக்காது, கிழியும், கசங்கும், ஒரு இடத்தில் தடித்து இன்னொரு இடத்தில் இல்லாமல் போகும். இது காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. வானியல் சங்கத்துக் கேமராவை எனக்கு இரவல் கொடுத்த மதுரை ஜெரால்டு அண்ணனுக்குப் படத்தை அனுப்பிக் கேட்டேன். உடனே குரல் செய்தி. "ஈஸ்வரி, உனக்கு நல்லது நடந்தா பயம் வந்துரும் போல. ஹைட்ரஜன் எங்கதான் இல்ல? அழகா இருக்குல்ல? போட்டுத் தாக்கு." அழகா இருக்குல்ல. ஆமாம், அழகாகத்தான் இருக்கிறது, அதனால்தான் பயம். வானத்தில் இல்லாத ஒன்றை நான் ஆல்பத்தில் போட்டு, அதைப் பார்த்து கடைக்காரர்கள் ஆர்டர் கொடுத்து, ஆயிரம் இரண்டாயிரம் வீட்டுச் சுவரில் வருஷம் முழுக்க ஒரு தூசி வில்லாக வளைந்து நின்று, ஏதோ ஒரு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அதைப் பார்த்து வரைந்துகொண்டு போய் ஆசிரியரிடம் காட்டி. நான் ஏன் எப்போதும் இப்படியே யோசிக்கிறேன்? பொறுமையாக யோசி. தூசி என்றால் எப்படி வந்தது? வெற்றுப் படங்கள் எடுத்த காலை நினைவுக்கு வருகிறது. கேமராவுக்குள் இருக்கிற தூசியும் ஓரத்து மங்கலும் படத்தில் விழாமல் இருக்க, வேலை முடிந்ததும் தொலைநோக்கி வாயில் வெள்ளைத் துணி கட்டி, விடிந்த வானத்தைப் பார்த்து வெற்றாகச் சில படங்கள் எடுப்போம், மென்பொருள் அதை வைத்து உண்மைப் படத்தைச் சுத்தம் செய்யும். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் செய்தேன். துணி கட்டினேன். கட்டிய பிறகு ஒரு சந்தேகம், உள்ளே இருப்பது ஹைட்ரஜன் ஃபில்டர்தானா, நான் மாற்றிவிட்டேனா? மாற்றவில்லை என்று தெரியும். தெரிந்தும், ஃபில்டர் இருக்கிற தட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். ஹைட்ரஜன்தான். திரும்ப உள்ளே தள்ளினேன். இரண்டு வினாடி. இந்த ஊரில், நான்கு பக்கமும் பேப்பர் வெட்டுகிற இந்த ஊரில், இரண்டு வினாடி போதாதா ஒரு தூசிக்கு? அது ராத்திரிப் படங்களில் இல்லாத தூசி, வெற்றுப் படத்தில் மட்டும் இருக்கிற தூசி, ஆக மென்பொருள் அந்த இடத்தில் இல்லாத அழுக்கைத் துடைக்கும், துடைத்த இடம் பளிச்சென்று வளையமாக நிற்கும். வளையத்தின் பெரும்பகுதி படத்துக்கு வெளியே போய்விட்டால் மூலையில் எஞ்சுவது ஒரு வில். சரிபார்க்கத் திறந்ததில் வந்த பிழை. இதைவிட என்னைப் போல ஒரு பிழை இருக்க முடியாது.

ஆனால் இது இன்னும் ஊகம்தான், ஊகத்தை வைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போய் நிற்க முடியாது, அதனால்தான் காலையில் எழுந்ததும் 'பின்' என்ற அந்தக் கோப்புறையைத் திறந்தேன். ரோசெட் உச்சிக்கு ஏறி மேற்கே சாயும்போது தொலைநோக்கி தாங்கியில் அப்படியே மறுபக்கம் புரண்டாக வேண்டும், இல்லாவிட்டால் தாங்கியின் காலில் இடித்துக்கொள்ளும். புரண்டதும் கேமரா தலைகீழ். புரள்வதற்கு முன் முப்பத்தொரு படம், பின் இருபத்தொன்பது, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். புரண்ட பிறகு தாங்கி சரியாக நகரவில்லை, நட்சத்திரங்கள் எல்லாம் முட்டை முட்டையாக வந்திருந்தன, அதனால் அந்த இருபத்தொன்பதை நான் தொடவே இல்லை. இப்போது அதுதான் சாட்சி. மென்பொருள் நட்சத்திரங்களைப் பொருத்தி அவற்றை நிமிர்த்தி அடுக்கும். வில் வானத்தில் இருந்தால் நட்சத்திரங்களோடு சேர்ந்து வந்து இடதுகீழ் மூலையிலேயே நிற்கும். கேமராவுக்குள் இருந்தால் எதிர் மூலைக்குப் போய்விடும், வலதுமேல். வேறு வழியே இல்லை, நான் எவ்வளவு ஆசைப்பட்டாலும், அண்ணாச்சி எவ்வளவு ஆசைப்பட்டாலும். முப்பத்தெட்டு சதவீதம். இப்படி ஒரு சோதனை இருப்பது மனதுக்கு இதமாக இருக்கிறது, பயத்துக்கு நடுவிலும். பிளஸ் டூ முடித்தபோது தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வரிசையில் நின்றோம், நானும் அப்பாவும், எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவர்கூடப் பட்டம் வாங்கவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும், இல்லாததை எப்படி நிரூபிப்பது, அப்பா ரேஷன் கார்டைக் காட்டினார், சித்தப்பாவின் பள்ளிச் சான்றிதழைக் காட்டினார், அந்த எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஒருத்தருமே படிக்கலையா? உண்மையாவா?" என்றார். அப்பா பெருமையாக, "ஒருத்தருமே இல்ல சார்" என்றார். அவர் ஏன் பெருமைப்பட்டார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, இன்றைக்கும் முழுதாகப் புரியவில்லை, ஆனால் அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் உண்மையாவா என்று ஒரு குரல் எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "ஏட்டி, இட்லி ஆறுது" என்று அம்மா எட்டிப் பார்க்கிறாள். "இன்னும் பொட்டி ஓடுதா?" "ஓடுதும்மா." "ஓடுறத நீ உத்துப் பாத்தா சீக்கிரம் ஓடிருமா? வந்து தின்னுட்டுப் போ." உற்றுப் பார்த்தால் சீக்கிரம் ஓடாதுதான். தட்டை இங்கேயே வாங்கிக்கொள்கிறேன். விசைப்பலகையில் சட்னி படாமல் இடது கையால் மூடிக்கொண்டு தின்கிறேன். மூன்றாவது இட்லிக்கு எழுபத்தொன்று.

வில் பொய்யாக இருந்தால் நாற்பத்திரண்டாம் பக்கத்துக்குக் குதிரைகள் வந்துவிடும். ஏழு வெள்ளைக் குதிரைகள் கடலோரம் ஓடுகிற படம், அண்ணாச்சி கைவசம் வைத்திருக்கிறார், நேற்று எனக்கே காட்டினார், உன் படம் வரலன்னா இதுதான் என்று. எதிலும் தவறில்லாத குதிரைகள், ஏழும் ஒரே மாதிரி வலது காலைத் தூக்கிக்கொண்டு. நூறு. அது நூறு என்கிறது. மணி பத்து ஆறு. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் படத்தைத் திறக்கிறேன், முதலில் எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும், வெளிச்சத்தை மெல்ல இழுக்க வேண்டும், இழுக்கிறேன், பூ வருகிறது, அதன் நடுக்குழி வருகிறது, நான் இடதுகீழ் மூலையைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே நடுவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன், சரி, பார். ஒன்றுமில்லை. இடதுகீழ் மூலையில் சுத்தமான இருட்டு. கண் தானாக மேலே போகிறது, வலதுமேல் மூலையில், அச்சு அசலாக, கவிழ்ந்து கிடக்கிறது வில். அண்ணாச்சியின் திருவாச்சி. சிவகாசித் தூசி. உடனே, எங்கிருந்து என்று தெரியாமல், ஒரு சந்தோஷம், வெட்கமே இல்லாத சந்தோஷம். நான் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியிடம் கேட்டேன், அது என் முகத்துக்காக எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அப்புறம்தான் குதிரைகள் நினைவுக்கு வந்தன.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு மணி அடிக்கும்போது நான்கு தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அவர் 'சொல்லும்மா' என்றதும் காணாமல் போய்விட்டது. "அண்ணாச்சி, அந்த வில்லு தூசி அண்ணாச்சி." அவ்வளவுதான் வந்தது. பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். "என்னம்மா, சத்தமாச் சொல்லு." "வில்லு வானத்துல இல்ல. கேமராக்குள்ள தூசி. அது வளையமா விழுந்திருக்கு. இப்பத்தான் கண்டுபிடிச்சேன். மன்னிச்சிருங்க." அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிறது, இன்றைக்கு ராத்திரி ஷிப்ட் என்பதால் வீட்டில் இருக்கிற அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு என்னையே பார்க்கிறார், இந்த அண்ணாச்சியிடம்தான் அவர் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறார் என்பது இப்போது போய் ஞாபகம் வருகிறது. "தூசியா?" என்றார் அண்ணாச்சி. "வளையமாவா?" பிறகு ஒரு சத்தம், இருமுகிறார் என்று நினைத்தேன், சிரிக்கிறார். "ஏ வேல்ச்சாமி மகளே! பிளேட்டுல ஒரு தூசி உக்காந்தா சுத்தி வளையம் விழும்னு கைக்கொழந்தைக்கும் தெரியுமேம்மா. முப்பத்தஞ்சு வருசம், நித்தம் அந்த எழவோடதான் மல்லுக்கட்டுறேன், அதப் பாத்துட்டாத் தொடச்சு எறியாம எனக்கு சோறு எறங்காது. அதப் போயி நான் திருவாச்சின்னேனா? உங்கப்பன் பாத்தானே, அவனுக்குமா தெரியல? குடு அவங்கிட்ட." அப்பா போனை வாங்கிக் காதில் வைத்து, "இல்லைங்கண்ணாச்சி, மானத்துல தூசி உக்காரும்னு எனக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் போனுக்கு இரண்டு பக்கமும் சிரிக்கிறார்கள், நான் நடுவில் நிற்கிறேன், அழுகையா சிரிப்பா என்று முடிவாகாத முகத்தோடு. போன் திரும்பி வந்தபோது அண்ணாச்சி முதலாளிக் குரலுக்கு மாறியிருந்தார். "எடுத்துட்டுக் குடுப்பியா? பத்தே முக்காலுக்கு. நல்லா இருந்தா பாப்போம். இல்லைனா குதிரைய ஓட்டிருவேன், அதுல வருத்தப்படக் கூடாது." படக்கூடாதுதான்.

எடுத்துவிட்டு என்றால், அழித்துவிட்டு என்று நினைத்திருப்பார். அந்த மூலையைப் பக்கத்து இருட்டால் பூசிவிட ஒரு நிமிடம் போதும், கை அந்தத் தூரிகைக்குப் போகவும் செய்தது. ஆனால் பூசின இருட்டும் பொய் இருட்டுதானே. இருபத்தேழு நிமிடம் இருக்கிறது. பின் படத்தில் இடதுகீழ் மூலை சுத்தம். முன் படத்தில் வலதுமேல் மூலை சுத்தம். ஒன்றின் குறையை இன்னொன்று மூடுகிறது, இரண்டையும் அடுக்கி, அந்தந்த மூலைக்கு மட்டும் சுத்தமான படத்தை எடுத்துக்கொண்டால் எல்லாப் புள்ளியும் உண்மையாகவே வானத்திலிருந்து வந்ததாக இருக்கும். ஆனால் பின் படங்களில் நட்சத்திரம் முட்டை முட்டையாக. ஐயோ. ஐயோ என்று நினைத்த அடுத்த கணமே நெற்றியில் அடித்துக்கொள்கிறேன், அம்மா "என்னட்டி" என்கிறாள், ஒன்றுமில்லை அம்மா, உன் மகள் மடச்சி. இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்து நட்சத்திரங்களை நான் எடுத்துக்கொள்வதே இல்லையே! அவற்றை மென்பொருளே நீக்கிவிடுகிறது, பூவை மட்டும்தான் இதிலிருந்து எடுக்கிறேன், நட்சத்திரங்கள் வருவது தோப்பில் எடுத்த வண்ணப் படத்திலிருந்து, அங்கே அவை உருண்டையாக, நிறத்தோடு, ஒரு குறையுமில்லாமல் இருக்கின்றன. தூக்கிப் போடப் போகிற ஒன்றில் குறை என்று சொல்லி இரண்டரை மணி நேர வெளிச்சத்தை ஆறு மாதமாகக் கோப்புறையில் பூட்டி வைத்திருக்கிறேன். முன், பின், இரண்டும் ஏற்கனவே தனித்தனியாக அடுக்கி முடித்தவைதான், அவற்றை ஒன்றாக்கச் சில நிமிடம் போதும், ஒன்றாக்கினேன். இரண்டு மடங்கு வெளிச்சம், படத்தில் மணல் தூவினாற்போல இருந்த புள்ளிகள் அடங்கிவிட்டன, சிவப்புக்குள் கலக்கிறேன், கால் பங்கு, அரைப் பங்கு, போதும், கொஞ்சம் குறை, அங்கேதான், நிறுத்து. பூவுக்கு வெளியே நேற்றுவரை நான் பார்த்தே இராத மெல்லிய சிவப்பு, இதழ் முடிந்த பிறகும் முடியாமல் பரவி, கிழிந்து, கசங்கி, ஒரு இடத்தில் தடித்து இன்னொரு இடத்தில் இல்லாமல் போகிறது. ஒழுங்கே இல்லை. முன், பின், இரண்டிலும் தனித்தனியாகத் திறந்து பார்த்தேன், இரண்டிலும் அதே இடத்தில் இருக்கிறது. மூன்றாவது தடவையும் பார்த்தேன். அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார், லென்ஸை எடுக்கவில்லை, எட்டியே நின்று பார்க்கிறார். "நேத்து இது இல்லையே" என்கிறார். "இருந்துச்சுப்பா. நான்தான் பாக்கல." பத்து நாற்பத்தொன்றுக்கு அனுப்பினேன்.

பத்து நாற்பத்தைந்து. படத்தைத் திறந்துவிட்டார் என்று இரண்டு நீலக் குறி சொல்கிறது. ஐம்பது. ஒன்றுமில்லை. நன்றாக இல்லையோ, வில் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறதோ, குதிரைகள் கிளம்பிவிட்டனவோ, கிளம்பட்டும், எனக்கென்ன, எனக்கு இந்தச் சிவப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பார்க்கிறேன், பாதி உண்மை, மீதிப் பாதி போனையே பார்க்கிறது. ஐம்பத்திரண்டுக்கு அடித்தது. "எம்மா ஈஸ்வரி, படம் பிளேட்டுக்குப் போயாச்சு. அத விடு. நேத்தே ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன், உங்கிட்ட எப்படிச் சொல்லன்னு விட்டுட்டேன். அந்த வில்லு இருந்துச்சுல்ல, அது மேல எழுத்து நிக்காதும்மா. கடைப் பேரப் போடணும்னா எங்க போட? எவ்வளவு அழகா இருந்தாலும் கடைக்காரன் பேரு தெரியாட்டி வாங்குவானா? ராத்திரி பூரா அதே ரோசன. இப்பப் பாரு, அந்த மூலை நல்ல இருட்டு. சுத்தமா இருக்கு. பேரு பளிச்சுனு விழும்." சரிங்கண்ணாச்சி என்றேனா, நன்றி என்றேனா, தெரியவில்லை. அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, "போட்டாச்சா?" என்கிறாள், தலையாட்டுகிறேன், "யாரு கடைப் பேரு போடுவாக?" என்கிறாள். யாருடையதாக இருந்தால் என்ன, கோவில்பட்டியில் ஒரு அரிசிக் கடை, சாத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறை, பெயர் தெரியாத ஊரில் ஒரு தையற்கடை, கீழே போன் நம்பர், பூவைச் சுற்றி அந்தக் கசங்கிய சிவப்பு, அதற்குக் கீழே யாரோ ஒருவரின் பெயர். அந்த மூலையில் ஒன்றுமில்லை, இருபத்தொன்பது தடவை, ஐந்து ஐந்து நிமிடமாக, விழித்திருந்து பார்த்தாயிற்று, என் கருவிக்கு எட்டியவரை அங்கே ஒன்றுமே இல்லை, தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.